கொடைக்கானல் குழுவுக்காகச் சில குறிப்புகள்

கோத்தகிரி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கி உறவுகளைக் குலைக்கும் மனநலக் கோளாறு) உள்ளவர்களுக்குக் கொடைக்கானலிலேயே வாரக் குழு தொடங்கப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மதுரைக்குப் பஸ் ஏறி வாராவாரம் போய்வருவது யாருக்குமே கஷ்டம். இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹான் 1993இல் வெளியிட்ட டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற சிகிச்சை முறைப்படி குழு வகுப்பு வாரம் இரண்டரை மணி நேரம். ஒரு சுற்று ஏறக்குறைய ஆறு மாதம், பிறகு அதையே இன்னொரு சுற்று. தனி ஆலோசனையும் கூடவே நடக்க வேண்டும். கடைசி பஸ்ஸுக்காக நேரத்தைச் சுருக்க வேண்டி வந்தால் புதுப் பாடத்தைக் குறை. வீட்டில் செய்துவந்த பயிற்சியைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் மட்டும் கை வைக்காதே.

மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி) என்றதும் கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார வைத்துவிடாதே. சின்ன வயதில் கொடுமையை அனுபவித்தவர்களுக்குக் கண்ணை மூடினால் அதுவே திரும்ப வரலாம், இல்லையென்றால் உடம்பே மரத்துப்போகலாம். முதல் வாரங்களில் இரண்டு மூன்று நிமிடம், கண் திறந்தபடி, கையில் ஒரு பொருள் போதும். உங்கள் ஊர் மலைப்பூண்டில் ஒரு பல் கொடு. தோல் உரிகிறது, விரல் பிசுபிசுக்கிறது, காரமாக வாடை வருகிறது: கண்டதை மட்டும் சொல்லச் சொல். “வாடின பல்” என்றால் சரி. “எனக்குன்னு பார்த்து மட்டமானதைக் கொடுத்திருக்கீங்க” என்றால், “இப்படி ஒரு எண்ணம் வந்தது” என்று மாற்றிச் சொல்ல வை. மனசு அமைதியாகவில்லையே என்று சிலர் பயிற்சியையே விட்டுவிடுவார்கள். அமைதி வருவது இதன் இலக்கு இல்லை, ஓடிய கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சி என்பதை முதல் நாளே சொல்லிவிடு.

இதை அவசரமாகத் தாண்டிப் போனால் மற்றவர்களோடு பழகும் திறன் பாடம் மனசில் நிற்காது. அதன் முதல் படியே நடந்ததை நடந்தபடி சொல்வதுதான். தோழியிடமிருந்து பதில் வரவில்லை என்று வைத்துக்கொள். “என்னை ஒதுக்குறே” என்பது ஊகம். மலையில் சிக்னல் போயிருக்கலாம். “காலைல அனுப்பின மெசேஜுக்கு இன்னும் பதில் வரல” என்பது நடந்தது. அடுத்து உணர்வு: “பதில் வராததால பதட்டமா இருக்கு.” அப்புறம் கேட்பது: “ராத்திரி எட்டு மணிக்குள்ள ஒரு ‘சரி’ மட்டும் அனுப்புவியா?” கடைசியாக அதனால் வரும் நன்மை: “அனுப்பினா நான் திரும்பத் திரும்பக் கூப்பிட மாட்டேன்.” பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவது படியில். உணர்வைக் கொட்டிவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே நிறுத்திவிடுவார்கள்; எதிராளிக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அல்லது பழைய கணக்கையெல்லாம் இழுப்பார்கள். ஜோடி ஜோடியாக நிற்க வைத்து வாய்விட்டுப் பேசிப் பழக்கு. முதலில் கடைக்காரரிடம் சில்லறை கேட்பது போல லேசானதில் தொடங்கு. அம்மாவும் கணவரும் பிறகு.

கோபமோ பயமோ உச்சத்தில் இருக்கும்போது இந்தப் படிகள் எதுவும் நினைவுக்கு வராது. அப்போது மூச்சை அடக்கி, குளிர்ந்த நீரில் முகத்தை முப்பது விநாடி வரை அமிழ்த்தினால் இதயத் துடிப்பு குறையும், பேச்சு பிறகு. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. மார்கழியில் உங்கள் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலக்க வேண்டியிருக்கும். இதயக் கோளாறு உள்ளவர்களும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும், சாப்பாட்டைக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தன்னைக் காயப்படுத்திக்கொண்ட விவரங்களைக் குழுவில் பேச விடாதே. கேட்பவருக்கும் அந்த உந்துதல் தொற்றும். தனி ஆலோசனையில் அதற்கு முழு நேரம் கொடு. உன்னோடு இன்னொருவர் கட்டாயம் இருக்கட்டும்: நீ பாடம் எடுக்கும்போது யார் முகம் மாறுகிறது, யார் எழுந்து போகிறார்கள் என்று அவர் பார்க்க வேண்டும். அவர்கள் தங்கள் உணர்வுகளைத் தினமும் குறித்துவைக்கும் பதிவு அட்டையின் பின்பக்கம், அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐ அச்சடித்துவிடு. இரவிலும் தமிழில் பேசலாம்.

அட்டையின் மாதிரியை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாலதி