குப்பையைப் பிரித்து வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெரு மக்களுக்கும், தெருமுனையில் கடை போட்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

காலிமனைத் தோட்டத்தில் இந்த முறை கத்தரியும் அவரையும் நன்றாகவே பிடித்துவிட்டன. வந்து பார்க்கிறவர்கள் "குப்பையை வச்சே தோட்டம் போட்டுட்டீங்களே" என்று எங்களைப் பாராட்டுகிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் குப்பையை உரக் குவியலாக அடுக்கியதும் கிளறியதும் தண்ணீர் தெளித்ததும்தான் எங்கள் வேலை. ஒன்றோடொன்று கலந்து நாறிப்போவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்தது நீங்கள். கலந்துவிட்ட பிறகு எந்தக் கெட்டிக்காரனாலும் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் நன்றி பூக்கட்டும் அக்காவுக்கு. மதுரையில் பூவுக்கா பஞ்சம்? கோயிலில் கழித்த மாலைகள் மூட்டையாக வரும். பூ சீக்கிரமே மக்கிவிடும், அதைக் கட்டிய நைலான் நூல் மக்காது. கிளறும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு நாள் அந்த நூல் கற்றையைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினோம். இழுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வந்த மாலைகள் எல்லாம் வாழைநாரில்தான் கட்டியிருந்தன. நாரை நனைத்து, மெல்லிசாகக் கிழித்துக் கட்டுவது நூலைவிட நேரம் பிடிக்கிற வேலை. அதற்காக யாரும் அவருக்குக் கூலியைக் கூட்டித் தரவில்லை. இதைத் தெரு முழுக்கத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

டீக்கடை அண்ணன் தினமும் சக்கையை ஒரு வாளியில் போட்டு வைக்கிறார். நம் ஊர்க் கடைகளில் பால் தனி, டிகாக்‌ஷன் தனி என்பதால் அந்தச் சக்கையில் பால் வாடை கிடையாது. குவியலுக்குத் தோதான சரக்கு. பேப்பர் கப் மட்டும் அதில் விழக்கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கப்புக்கென்று தனியாக ஒரு டப்பா வைத்து, மாற்றிப் போடுகிறவர்களை அவரே அதட்டுகிறார்!

ஆசாரி அண்ணன் இன்னும் ஒரு படி மேல். பிளைவுட் அறுத்த தூளில் பசை கலந்திருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு, வேம்பும் பூவரசும் அறுத்த தூளை மட்டும் சாக்கில் கட்டித் தருகிறார். காய்கறிக் கழிவை மட்டும் குவித்தால் நாறும். மரத்தூள், சருகு போன்ற காய்ந்த சரக்கும் வேண்டும். காய்ந்ததில் கார்பன் அதிகம், பச்சைக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; கார்பன் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்பது கணக்கு. அந்தக் கணக்கு கூடி வந்தால் குவியலின் நடுவே சூடு 55 டிகிரியைத் தாண்டும், களை விதைகள் வெந்து போகும்.

இளநீர்க்காரர் மட்டைகளை நாலாக வெட்டிப் போடுகிறார். மீன் கடை அக்கா குடலையும் செதிலையும் தனியாக எடுத்து வைக்கிறார். அதே எடைக்கு வெல்லம் சேர்த்து மூடி வைத்தால், மூன்று வாரத்தில் தேன் நிறத்தில், செடிகளுக்குத் தெளிக்கும் மீன் அமிலம் கிடைத்துவிடும். பூனைகளைச் சகித்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமிக்குத் தனி நன்றி. மீன் கடையின் தெர்மாகோல் பெட்டிகளில்தான் இப்போது கீரை வளர்கிறது. குவியலுக்கு மழை மறைப்பாக இருப்பது காதணி விழா பிளெக்ஸ். குழந்தையும் தாய்மாமன்களும் அதில் கூலிங் கிளாஸோடு நனைந்துகொண்டிருக்கிறார்கள்.

பால் கவர் கழுவும் பிள்ளைகளை விட்டுவிடக்கூடாது. "பிளாஸ்டிக்கை எதுக்குக் கழுவணும்?" என்று அவர்கள் கேட்டபோது, தெருவில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் நம் ஊர்க் கதையையே சொன்னார். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவி, அது உருகிப் படிந்த பிறகு தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வேலைக்கும் சுத்தமாக, காய்ந்து வந்த பிளாஸ்டிக்தான் தேவை. அன்றிலிருந்து கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல், தொங்கவிட்டு வெட்டச் சொல்லி வீட்டில் அதிகாரம் செய்வது பிள்ளைகள்தான்.

கடைசியாக, தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு. உரத்தை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து, விரல் நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக்கூடாது என்று பதம் சொல்லித் தந்தவர் அவர். ஒன்று மட்டும் அவர் சார்பில் கேட்கிறேன்: நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தனியாகப் பொதிந்து கொடுங்கள். அவர் வெறுங்கையால் பிரிக்கிற நிலை இன்னும் சில வீடுகளால் வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உரம் சலிக்கிறோம். வேண்டியவர்கள் பையோடு வாருங்கள், காசு வேண்டாம். முதல் மூட்டை பூக்கார அக்கா வீட்டு முருங்கைக்கு.

இப்படிக்கு,
காலிமனைத் தோட்டத்துக்காரர்கள்