ஜப்பான் வட்டியும் வண்ணாரப்பேட்டை முதலீடும்

ஆசிரியருக்கு,

2024 ஆகஸ்ட் 5 அன்று சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் சரிந்ததற்கு வேர் டோக்கியோவிலும் இருந்தது. ஜூலை 31-ல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது, ஜப்பான் நாணயமான யென்னின் மதிப்பு ஏறியது. யென்னில் மலிவாகக் கடன் வாங்கி வெளிநாட்டுப் பங்குகளில் போட்டவர்களுக்குக் கடன் பாரம் கூடியது. அமெரிக்க வேலைவாய்ப்புக் கவலையும் சேர, எது உடனே விலைபோகுமோ அதை விற்றார்கள். ஜப்பான் பங்குக் குறியீடான நிக்கேய் அன்று 12.4 சதவீதம் விழுந்தது. நல்ல பங்கும் இப்படித்தான் அடிவாங்குகிறது.

வண்ணாரப்பேட்டை, ராயபுரத்தில் மார்ஜின் கடனில் (மார்ஜின் எனப்படும் ஒரு பகுதியை மட்டும் தாம் போட்டு, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்று) பங்கு வாங்குவோர் கவனிக்க வேண்டும்: பங்கு விலை சரிந்து மார்ஜின் குறைந்து, உரிய நேரத்தில் பணம் கட்டாவிட்டால் தரகரே விற்றுவிடுவார், விலை மீளும்போது பங்கு கையில் இருக்காது. டோக்கியோ சந்தை நம் நேரப்படி காலை 5.30-க்கே திறக்கிறது, நம்முடையது 9.15-க்கு; அங்கே நடப்பதை முன்பே பார்க்கலாம். தங்கள் வணிகப் பக்கத்தில் டாலர்–யென் மதிப்பையும் தினமும் வெளியிடுங்கள்.

– வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை-81