கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். அதனால் இப்படித்தான் நன்றி சொல்ல முடிகிறது.

இரண்டு நாளாக ஏஐ சாட்பாட் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது, அடுத்துக் கேட்ட, போனில் உள்ள அங்கீகார ஆப் (authenticator) காட்டும் 6 இலக்கக் குறியீட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறு என்றது. குக்கீகளை அழித்தேன், வேறு பிரவுசரில் திறந்தேன், விபிஎன்னை அணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாத வேலைக் குறிப்புகள் முழுக்க உள்ளே இருந்தன. உண்மையில் பயந்துபோயிருந்தேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "போனில் நேரம் தானாக அமைகிறதா, நீங்களே வைத்ததா?" நான் வைத்ததுதான். 4 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குறியீடு எங்கிருந்தோ போனுக்கு வருவதில்லை. போனில் இருக்கும் ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை அங்கேயே கணக்கிடப்படுகிறது என்று விளக்கினீர்கள். சர்வரும் தன் பக்கம் அதே கணக்கைப் போடுகிறது. நேரம் இவ்வளவு விலகினால் இரண்டும் எப்படிப் பொருந்தும்? தானியங்கி நேரத்தை இயக்கினேன், அடுத்த குறியீட்டிலேயே கதவு திறந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லையோ குறியீட்டையோ நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பதற்றத்தில் நானே சொல்ல வந்தபோதும், "யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்தான்" என்று தடுத்தீர்கள். அந்த அக்கறையை மறக்கவே மாட்டேன்.

அப்புறம், ஆப்பின் குறியீடு கைகொடுக்காதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அன்றே தாளில் எழுதி எடுத்து வைத்துவிட்டேன். மிக்க நன்றி.