நல்லவனும் நல்ல இரவும்: ஒரு கிருண்டிக் கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுதத்தான் சோம்பல். வீட்டில் எல்லோரும் சுகம். மூட்டுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதை எழுதி உன்னையும் எதற்குப் படுத்த வேண்டும்.

இந்த வயதில் கிருண்டி மொழி எதற்கு என்று கேட்டிருந்தாய். கிருண்டி ஆப்பிரிக்காவில் இருக்கும் புருண்டி நாட்டின் மொழி. மாடியில் குடியிருக்கும் பையன் அந்த ஊர்க்காரன், இங்கே கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று ஆரம்பித்தேன், பெயரடையில், அதாவது 'நல்ல', 'பெரிய' மாதிரிச் சொற்களில், மாட்டிக்கொண்டேன்.

நம் 'நல்ல' யாருக்கு முன்னால் நின்றாலும் 'நல்ல'தான். நல்ல பையன், நல்ல வீடு, நல்ல தண்ணீர். அங்கே பெயரடை பெயருக்குப் பின்னால் வரும், அதோடு அந்தப் பெயர் எந்த வகுப்போ அந்த வகுப்பின் முன்னொட்டைப் போட்டுக்கொண்டுதான் வரும். வகுப்பு என்றால் பெயர்ச்சொற்களைப் பிரித்து வைத்திருக்கும் குழு, ஆண்பால் பெண்பால் இல்லை, ஒருமை பன்மை எல்லாம் சேர்த்து 16 வகுப்பு. 'இஸா' என்பது நல்ல, அழகான என்பதன் வேர், தனியே வாயில் வராது. நல்ல மனிதன் 'உமுன்ட்டு ம்வீஸா', நல்ல மனிதர்கள் 'அபன்ட்டு பேஸா', நல்ல தண்ணீர் 'அமாஸி மேஸா'. ராத்திரி படியேறும்போது 'இஜோரோ ர்யீஸா' என்று சொல்லிவிட்டுப் போகிறான், நல்ல இரவு. எல்லாவற்றிலும் இருப்பது அதே இஸாதான், அடையாளம் தெரிகிறதா பார்!

நாட்டின் பெயரே இந்த விளையாட்டில்தான் பிறந்திருக்கிறது. நாடு புருண்டி, ஆள் உமுருண்டி, மக்கள் அபருண்டி, மொழி இகிருண்டி. 1962இல் விடுதலை பெற்றபோது ஏற்ற நாட்டுப்பண்ணின் தலைப்பு 'புருண்டி ப்வாச்சு', நம் புருண்டி. 'நம்' என்ற சொல்கூட நாட்டின் 'பு'வை ஒட்டி 'ப்வாச்சு' என்று ஆகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நெட்டை. வேர் வெறும் 'ரெ', அது இரட்டித்து வரும், இரண்டு பாதியிலும் முன்னொட்டு ஏறும். நெட்டையான ஆள் 'முரெமுரெ', பலர் என்றால் 'பரெபரெ', உயரமான மரம் 'கிரெகிரெ', மரங்கள் 'பிரெபிரெ'. பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பெரிய, சின்ன, புதிய, குட்டையான என்று இப்படி அசல் பெயரடைகள் அவர்களிடம் கொஞ்சம்தான். மிச்ச வேலையை வினைச்சொல் பார்த்துக்கொள்கிறது. சிவப்புத் துணி 'இம்ப்புஸு இட்டுக்குரா', அதாவது சிவந்திருக்கும் துணி. துணி சிவப்பாக இருக்கிறது என்று முழு வாக்கியமாக முடிக்க வேண்டுமானால் நடுவில் ஒரு 'ர' சேரும், 'இரட்டுக்குரா'. நாம் சிவந்த, வெளுத்த, பழுத்த என்று பெயரெச்சத்தை வைத்துச் சமாளிக்கிறோமே, அதே வழிதான். அறிவாளியை 'உமுன்ட்டு வுப்வெங்கே' என்பார்கள், அறிவினுடைய ஆள்.

இதுவரை சுகமாகத்தான் போனது. முன்னொட்டுப் பட்டியலைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், என்னைக் கேட்டால் அது பாட்டு மாதிரி காதில் ஒட்டிக்கொள்கிறது, கஷ்டமே இல்லை. கஷ்டம் தொனியில். வினைக்குப் பின்னால் வேறு சொல் தொடர்ந்துவிட்டால் அந்த 'ர' வாக்கியத்திலும் வராமல் போகலாம். அப்போது அது வாக்கியமா, பெயருக்கு அடையா என்பதைக் குரல் ஏறுகிற இடம்தான் சொல்லும். வழக்கமான எழுத்தில் அதைக் குறிப்பதே இல்லை. பையனிடம் கேட்டால், கேட்டால் தெரியுமே என்கிறான்! அவனுக்குத் தெரியும், சரி. நான் கிருண்டியில் வரும் பிபிசியின் கஹுஸா ஒலிபரப்பைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவள் சமையலறையிலிருந்து முறைக்கிறாள்.

அப்புறம் ஒன்று. நல்லன், நல்லள், நல்லர் என்று பழைய தமிழில் நாமும் ஆளுக்கேற்ப மாற்றிக்கொண்டுதானே இருந்தோம், அது நம் பேச்சை விட்டு எப்போது கழன்றது? உன் இலக்கணப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்