ஊற்று கலங்கினால் யார் ஓடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொள்ளிடக் கரையோர ஊர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், அந்தக் காலத்து மக்களுக்கு வெள்ள ஆபத்து பற்றிய விழிப்புணர்வே கிடையாது, எல்லாம் தலைவிதி என்று இருந்தார்கள் என ஒரு வரி. எழுதியவர் ஏதாவது ஒரு கரைமேல் ஏறி நின்றிருக்கிறாரா? தாங்கள் அறியாததல்ல, தாங்களாவது அந்த வரியை அடித்திருக்கலாம்.

'பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்' என்று அன்று யாரும் மொட்டையாகச் சொன்னதில்லை. எந்தத் துறையில் பரிசல் நிற்கிறது, எந்தப் படுகையிலிருந்து எப்போதைக்குள் மாட்டை மேடேற்ற வேண்டும் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். கரைக்காவலில் நிற்பவர் 'கரை கசியுது' என்றால் கண்வைத்திருந்தால் போதும். கரையைத் துளைத்து வெளிப்பக்கம் பீறிடும் ஊற்றைப் பார்த்து 'ஊத்து கலங்கிடுச்சு' என்றால் ஊரே வைக்கோலும் கோணியுமாக ஓடும். ஊற்றுநீர் கலங்கலாக வந்தால், எலி வளையோ நண்டு வளையோ பெருத்து, கரையின் உள்மண் வெளியேறுகிறது.

அப்போதும் ஊற்றின் வாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் மூட்டையால் கிணற்று உறைபோல் வளையம் கட்டி, உள்ளே தண்ணீரை நிற்கவிட வேண்டும். மட்டம் உயர உயர வேகம் குறைந்து தெளியும். தெளிந்ததும் வளையத்தை உயர்த்தாமல், வழிய ஒரு வாய் விட வேண்டும். ஆற்றுப் பக்கம் வளை தெரிந்தால் வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதிக்கலாம். மூட்டையில் பாதிக்குச் சற்று மேல்தான் மணல். இன்றோ முட்ட முட்ட நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உருண்டை மூட்டை படியாது, இடுக்கெல்லாம் தண்ணீர் போகும். அந்தப் படத்தைத்தான் தாங்கள் முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

தமுக்கடித்து அறிவிக்கும் தண்டோராவை 2022இல் அரசு நிறுத்தியது நியாயமே. ஒரு சாதியார் தலையில் கட்டிய வேலை அது. ஆனால் பதிலுக்கு வரும் ஒலிபெருக்கி வண்டி தார்ச்சாலையோடு திரும்பிவிடுகிறது.

புயல் செய்தியும் இதே லட்சணம்தான். நாகைத் துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று போடுகிறீர்கள், அது என்ன என்று போடுவதில்லை. 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கரை கடக்கும் என்பதில்தான் 8க்கும் 9க்கும் வேறுபாடு. துறைமுகத்தின் மேலேயே வந்தால் 10. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தால் 11. இதெல்லாம் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், நிருபருக்குத்தான் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். மேட்டூர் அணை அதன் முழு மட்டமான 120 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற நீர் அப்படியே கீழே வரும். பவானியும் அமராவதியும் அதற்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. ஆகவே மேட்டூர்த் திறப்பை மட்டும் போட்டால் எங்களுக்குப் பாதிக் கணக்குதான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எத்தனை கன அடி, எத்தனை மணி நிலவரம் என்று வெள்ளக் காலத்தில் தினமும் போடுங்கள். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அணைக்கரை