மாடி வீட்டுக்கு ஃபைபர் லைன் போட வந்த தம்பிக்கு

போன சனிக்கிழமை எங்க அபார்ட்மென்ட்ல மாடி வீட்டுக்கு லைன் இழுக்க வந்தீங்களே, உங்களுக்குத்தான் தம்பி இந்தப் பதிவு, பேர் கூட கேட்டு வச்சுக்கல.

ஆன்லைன்ல தமிழ் கிளாஸ் எடுக்கிறேன், பசங்க பேசுறது எனக்கு கேக்குது, நான் பேசுறது அங்க யாருக்கும் கேக்கல, "கேக்குதா கேக்குதா"ன்னு நான் கத்துனது வராண்டா வரைக்கும் வந்திருக்கு போல. "அக்கா, மைக் பிரச்சனையா, பாக்கவா?"ன்னு நீங்களா வந்து நின்னீங்க.

ஹெட்செட் பின்னை உருவி அதுல இருந்த மூணு கறுப்பு வளையத்த காட்டி, இது போனுக்கு வர்ற பின்னு, டெஸ்க்டாப்ல பச்சை ஓட்டை சத்தத்துக்கு, பிங்க் ஓட்டை மைக்குக்கு, பச்சைல மட்டும் சொருகினா மைக் எப்படி போகும்னு சொன்னீங்க. கடைக்காரர் இதெல்லாம் வாய் தொறக்கவே இல்ல! உங்க பைல இருந்தே, ஒரு பின்ன சத்தத்துக்கு ஒண்ணு மைக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் எடுத்து ரெண்டு முனையையும் சிபியு பின்னாடி மாட்டினீங்க. அப்பவும் வரல. சவுண்ட் செட்டிங்ல இன்புட் வெப்கேம்ல நின்னுச்சு, அத மாத்தி, பிரைவசில டெஸ்க்டாப் ஆப்ஸுக்கு மைக் ஆஃப்ல இருந்தத ஆன் பண்ணி, மைக்க விரலால தட்டினீங்க, ஸ்க்ரீன்ல மைக் சத்தத்த காட்டுற கோடு மேல ஏறுச்சு, அங்கிருந்து ஒரு வாண்டு "டீச்சர், டொக் டொக்"னு கத்துச்சு.

கிளாஸ் முடிச்சு காபியோட வந்து பாத்தா நீங்க கிளம்பிட்டீங்க, ஸ்ப்ளிட்டர் காசு கூட வாங்கல. ரொம்ப நன்றி தம்பி. இந்தப் பக்கம் வேலைக்கு வந்தா கண்டிப்பா பெல் அடிங்க, காபி பாக்கி இருக்கு.