எங்கள் பையிலிருந்து போகும் பணத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் 11 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், அரசு அமைப்புகள் வகுக்கும் விதிகளைப் பார்க்கும் பேரவையின் சட்ட விதிகள் ஆய்வுக் குழுவினருக்கும்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

ஓசூரில் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். லேத்திலும் சிஎன்சி மெஷினிலும் வண்டி உதிரிபாகங்கள் கடைந்து கொடுப்பதுதான் வேலை. 2022 செப்டம்பரில் தொழில் இணைப்புகளின் மின்கட்டணம் ஏறியது உங்களுக்குத் தெரியும். அதை எதிர்த்து 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறு தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்ததும் நினைவிருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்: எங்கள் செலவைக் கூட்டும் முன்பு, அந்தச் சுமையின் கணக்கு பேரவைக்கு வர வேண்டும்.

போன மாதம் எங்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனி மாத ஆர்டர் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது. மெஷின்கள் பல நாள் நின்றன. ஓடாத மெஷினுக்கு யூனிட் கட்டணம் கிடையாது, சரி. இணைப்பு எத்தனை கிலோவாட் என்பதைப் பொறுத்து மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணம் மட்டும் ஒரு ரூபாய் குறையாமல் வந்து நிற்கிறது. 2022 செப்டம்பர் 10-க்கு முன் எங்களைப் போன்ற இணைப்புகளுக்கு அது மாதம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய். 112 கிலோவாட் வைத்திருப்பவர் 3,920 ரூபாய் கட்டினார். மறு ஆண்டே அதே இணைப்புக்கு 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வேலை இருக்கும் மாதத்தில் இதை எப்படியோ சமாளிக்கலாம். வேலை இல்லாத மாதத்தில் இந்தப் பணம் எங்கிருந்து வரும்? தளியிலிருந்து காலை பஸ் பிடித்து வரும் பையனின் ஓவர்டைமிலிருந்துதான் வருகிறது. அவனிடம் "இந்த மாசம் ஓ.டி. இல்லப்பா" என்று சொல்வது கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அல்ல, நான்.

இணைப்பின் கிலோவாட் அளவை, அதாவது லோடைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறைத்த பிறகு ஆர்டர் வந்தால், கூட்டுவதற்கு மறுபடி விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. அதற்குள் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். கம்பெனியிடம் ரேட்டைக் கூட்டிக் கேட்கவும் வழியில்லை. பீஸ் ரேட் போன வருடம் பேசியது. மின்கட்டணமோ 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024-இல் 4.83, 2025-இல் 3.16 என்று ஏறியபடி இருக்கிறது. 12 கிலோவாட்டுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு பிறகு சலுகை தந்தது, நன்றி. ஆனால் அதுவும் நாங்கள் ஓராண்டு அலறிய பிறகுதான்.

என் கேள்வி இதுதான்: கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்பே இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தார்களா? 2022 ஆகஸ்டில் ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களில் நடந்தது. ஓசூரிலும் இல்லை, தருமபுரியிலும் இல்லை.

பேரவைக்கு ஒரு மசோதா வந்தால், அரசுக் கஜானாவுக்கு எவ்வளவு செலவாகும் என்று நிதிக் குறிப்புரை இணைக்கச் சொல்கிறீர்கள். நல்ல வழக்கம். எங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும் என்பதற்கு ஏன் அப்படி ஒரு தாள் கூடக் கிடையாது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 182-வது பிரிவு, மாநில ஆணையம் வகுக்கும் ஒழுங்குமுறைகளைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் சொல்கிறது. ஆனால் எங்களை நேரடியாக அடிக்கும் கட்டண ஆணை அந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த யாரும் வாக்களிக்காமலேயே எங்கள் செலவு நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

மின்சாரம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை, தீயணைப்புச் சான்று, தொழில் உரிமம் என்று ஒவ்வொரு அமைப்பும் தன் கட்டணத்தைத் தனித்தனியாக விதிக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பட்டறையின் தலையில் விழுவதை யாரும் மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஷட்டர் இறங்கிய பட்டறைகளை நேரில் வந்து பாருங்கள். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. பொறுத்தருளுங்கள்; கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 2010-இல் ஒரு சட்டம் செய்தது. அரசு அமைப்பு ஒன்றின் விதியால் ஐந்து ஆண்டுகளில் 10 லட்சம் டாலருக்கு மேல் சுமை விழும் என்று கணக்கில் தெரிந்தால், சட்டமன்றம் ஒப்புதல் தரும்வரை அந்த விதி நடைமுறைக்கு வராது. அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. குறைந்தது கணக்காவது முதலில் பேரவைக்கு வரட்டும்.

சிறு தொழிலுக்குச் செலவு கூட்டும் எந்த விதியானாலும், கட்டண ஆணையானாலும், அதன் பொருளாதாரச் சுமை எவ்வளவு என்ற அறிக்கை அமலுக்கு முன்பே பேரவையில் வைக்கப்பட வேண்டும். அதை உங்கள் குழு ஆராய வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் இதை எழுப்பும்படி இரண்டு மாவட்டங்களின் 11 உறுப்பினர்களையும், கட்சி பார்க்காமல், பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக் குழு ஓசூரில் ஒருநாள் உட்கார்ந்தால், இரண்டு மாவட்டத்துப் பட்டறைக்காரர்களும் மூன்று வருட பில்களோடு வருகிறோம். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓசூர் ஜாப் ஒர்க் பட்டறை உரிமையாளர் ஒருவர்